பாதிப் பாட்டு, முழு விலை

1950களில் கிங்ஸ்டன் நகரத்து மக்கள் ஆடுவதற்கு இசைக்குழு தேவைப்படவில்லை. குழுவென்றால் பத்துப் பேருக்குக் கூலி, நடுவில் சாப்பாடு, அதன்பின் தாகசாந்தி. லாரியில் ஆளுயர ஸ்பீக்கர்களை ஏற்றிவந்து தெருமுனையில் அடுக்கி, இசைத்தட்டைச் சுழலவிட்டால் செலவு மிச்சம். நம்மூர்த் திருவிழா மைக் செட்காரருக்கு இன்னும் பத்து மடங்கு வீம்பு சேர்த்தால் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் முதலாளி கிடைப்பார். அவர்களில் பெரிய தலை டியூக் ரீட். முன்னாள் போலீஸ்காரர், மதுக்கடை முதலாளி, இடுப்பில் எப்போதும் துப்பாக்கி. பாட்டு பிடித்துப்போனால் ஸ்டுடியோவுக்குள்ளேயே சுடுவார் என்று சொல்வார்கள். பிடிக்காவிட்டால் என்ன செய்வார் என்று சோதித்துப் பார்க்க ஒரு பாடகருக்கும் தைரியம் வந்ததாகத் தெரியவில்லை.

எதிர்முகாம் காக்ஸன் டாட். அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த தட்டின் லேபிளைச் சுரண்டிவிட்டு, சொந்தப் பெயர் சூட்டி, உலகில் இது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று மார்தட்டுவது அன்றைய தொழில் தர்மம். வில்லிஸ் ஜாக்சன் வாசித்த சாக்ஸபோன் தட்டு ஒன்று ‘காக்ஸன் ஹாப்’ என்ற பெயரில் ஊரை ஆட்டிப்படைத்தது. ரீட் அதைத் தேடு தேடென்று தேடி, கடைசியில் பிடித்துவிட்டார். ஒருநாள் இரவு அவருடைய ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்ததும் காக்ஸன் மயங்கி விழுந்தார் என்பது பிரின்ஸ் பஸ்டர் சொன்ன கதை. பஸ்டர் அப்போது காக்ஸனின் ஆள், பிறகு போட்டியாளர். எனவே உப்பு காரம் சற்றுத் தூக்கலாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட உத்தமர்கள் கையில்தான் நவீன இசையின் பாதி பிறந்தது. மீதிப் பாதியைப் பெற்றெடுத்தது மறதி.

1967-68 வாக்கில் ஸ்பானிஷ் டவுனில் ரடி ரெட்வுட் என்றொரு சவுண்ட் சிஸ்டம்காரர் இருந்தார். ரீட்டின் ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவுக்குப் போய், பாரகன்ஸ் குழுவின் ‘ஆன் த பீச்’ பாட்டைத் தனக்கென்று ஒரு தட்டில் வெட்டித் தரச் சொன்னார். வெட்டியவர் பைரன் ஸ்மித். வெட்டும்போது குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். வேறு தொழிலாக இருந்தால் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். ரடி அந்த ஊமைத் தட்டைக் கொண்டுபோய் ஆட்டக் களத்தில் போட்டார். முதலில் முழுப்பாட்டு, அடுத்து குரலில்லாத பாட்டு. கூட்டம் தானே பாட ஆரம்பித்தது. திரும்பத் திரும்பப் போடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியது.

ரசிகர்கள் மெய்மறந்த அந்தக் கணத்தில் தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள். தட்டின் பின்பக்கத்துக்கு இனி இன்னொரு பாட்டு எதற்கு? முன்பக்கத்துப் பாட்டிலேயே பாடகரை நீக்கிவிட்டு, ‘வெர்ஷன்’ என்று அச்சடித்தால் ஆயிற்று. வாத்தியக்காரர்களுக்கு ஒருமுறைதான் கூலி, தாளக்கட்டோ ஆயுள் முழுவதும் உழைக்கும். ஹாலிவுட் போர்க்கைதிகள் படத்தின் பெயரைத் தாங்கிய ‘ஸ்டாலாக் 17’ என்ற ஒரே மெட்டின்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. காப்புரிமைச் சட்டமா? இருந்தது. 1911ஆம் வருஷத்து வெள்ளைக்காரர் சட்டம், 1993 வரை மாற்றப்படாமல் பத்திரமாகத் தூங்கியது.

வெற்றிடம் கண்டால் பேசாமல் இருக்கமுடியாத ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. யூ-ராய் என்றொருவர் அந்த ஊமைத் தட்டுகளின்மேல் மைக்கைப் பிடித்துக் கூவியும் சந்தம் பேசியும் 1970இல் விற்பனைப் பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்தார். ராப் பாடகர்கள் தினமும் இந்த மனிதர் இருந்த திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

யூ-ராய் கூவிய சவுண்ட் சிஸ்டத்தின் முதலாளிதான் நம் நாயகன். ஆஸ்போர்ன் ரடாக், ஊரார் வாயில் கிங் டப்பி. எந்த வாத்தியமும் வாசித்துப் புகழ்பெற்றவரல்ல, ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்ப்பவர். வாட்டர்ஹவுஸ் பகுதியில் ட்ரோமிலி அவென்யூவில் வீடு. 1970களின் தொடக்கத்தில், டைனமிக் ஸ்டுடியோ கழித்துக்கட்டிய நான்கு தட நாடாவுக்கான எம்.சி.ஐ. மிக்ஸரை வாங்கிவந்து வீட்டில் வைத்தார். வாத்தியக்குழு நிற்க இடமில்லை, அது தேவையுமில்லை. மற்றவர்கள் பதிவுசெய்த நாடா வந்தால் போதும். பாடகர் பாட மட்டும் ஓர் அறை ஒதுக்கினார். முன்பு அது குளியலறை.

அங்கே டப்பி செய்தது என்ன? டிரம்ஸ், பேஸ், கிடார், குரல் என்று தடம் தடமாக வந்த பாட்டை வைத்துக்கொண்டு, எதை எப்போது ஒளித்துவைப்பது என்று விளையாடினார். குரல் ஒரு வரியைத் தொடங்கும். பாதியில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார். வார்த்தையின் வால் மட்டும் எதிரொலியாக அலைந்துகொண்டிருக்கும். எதிரொலிக்கு நாடாவை வளையமாக ஒட்டி இயந்திரத்தில் சுற்றவிட்டார். இடி முழக்கம் வேண்டுமென்றால் ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியை அப்படியே தட்டிவிடுவார். உள்ளே சுருள்கம்பி அலறும். வாடிக்கையாளர் பெட்டியைத் தட்டியிருந்தால் திட்டியிருப்பார். மிக்ஸரில் இருந்த ஒரு பெரிய குமிழைத் திருகினால் அடிச்சுரம் எல்லாம் வடிந்து ஓசை ஊசியாக மெலியும். திருப்பித் திருகினால் பேஸ் வந்து வயிற்றில் இறங்கும். இதற்கு டப் என்று பெயர். ஒரே பாட்டை மூன்றாம் முறை விற்க வழி பிறந்தது.

அவரிடம் வேலை கற்ற பொடியன் சயன்டிஸ்ட் இன்னும் ஒருபடி மேலே போனார். ஆல்பம் தலைப்புகளை நம்பினால், 1981இல் ரத்தக்காட்டேரிகளின் சாபத்திலிருந்து உலகை விடுவித்தார், 1982இல் உலகக் கோப்பையை வென்றார்.

இன்னொரு தயாரிப்பாளர் லீ ‘ஸ்கிராட்ச்’ பெரி வேறு ரகம். பழைய முதலாளி ஜோ கிப்ஸ்மீது இருந்த கடுப்பில் 1968இல் ‘பீப்பிள் ஃபன்னி பாய்’ பாடினார். வசை போதவில்லை என்று, அழும் குழந்தையின் குரலையும் நடுவில் ஒட்டினார். இப்படி ஒலித்துண்டுகளை எடுத்து ஒட்டும் சாம்ப்ளர் இயந்திரம் கடைக்கு வர இன்னும் பல வருஷம் இருந்தது. 1973இல் கொல்லைப்புறத்தில் பிளாக் ஆர்க் ஸ்டுடியோவைக் கட்டினார். லண்டன்காரர்கள் பதினாறு, இருபத்துநான்கு தடம் வைத்துக்கொண்டு திணறிய காலத்தில் இவரிடம் இருந்தது நான்கு. நிரம்பிய தடங்களை ஒன்றாகக் குழைத்து, கிடைத்த இடத்தில் மேலும் திணித்தார். நாடாவின் இரைச்சலும் சேர்ந்தே ஏறியது, அதுவும் பாட்டாயிற்று. நாடாச் சுருள்மேல் கஞ்சாப் புகை ஊதுவது தனி ஆராதனை. பிறகு ஸ்டுடியோ எரிந்தது. தானே கொளுத்தியதாகச் சொன்னார். மின்கோளாறு என்றவர்களும் உண்டு. 2003இல் கிராமி விருது கொடுத்தார்கள்.

கடைசிக் கஞ்சத்தனத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஜப்பானில். ஜமைக்காவின் ரெகே இசையைப் பற்றி ஆய்வெழுதிக் கல்லூரி முடித்த ஓகுதா ஹிரோகோ என்ற இளம்பெண் 1980இல் காசியோ கம்பெனியில் சேர்ந்தார். சிறிய எம்.டி.-40 கீபோர்டுக்குத் தயார் தாளங்கள் அமைத்தார். அதிலொன்றுக்கு ‘ராக்’ என்று பெயர். 1985இல் டப்பியின் சீடர் ஜாமி அந்தப் பொத்தானின் தாளத்தைச் சற்று மெதுவாக்கி, வெய்ன் ஸ்மித்தைப் பாடவைத்தார். ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பிறந்தது. டிரம்ஸ் அடிப்பவர், பேஸ் வாசிப்பவர் இருவரின் கூலியும் ஒரே விரலில் மிச்சம். கிங்ஸ்டன் தயாரிப்பாளர்கள் அத்தனை பேரும் அந்தப் பாதையில் ஓட, ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் பலர் வேலையில்லாமல் நின்றார்கள். காசியோ வழக்குப் போடவில்லை. போட்டிருந்தாலும், ஜமைக்காவின் மெட்டுகளைப் படித்துப் படித்து ஊறிய பெண் ஜப்பானில் செய்த தாளத்தை ஜமைக்காக்காரர் எடுத்ததற்கு யார் யாருக்கு எவ்வளவு தருவது என்று நீதிபதி தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

இன்று டப் செய்யக் குளியலறையை இடிக்க வேண்டாம், லேப்டாப் போதும். பெரி பயன்படுத்திய ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோவின் நகல் மென்பொருளாகவே விற்கிறது. நாடா புதிதாக இருக்க வேண்டுமா, தேய்ந்து கரகரக்க வேண்டுமா என்று கேட்கும் வசதிகூடச் சிலவற்றில் உண்டு. காசு கொடுத்து வாங்கியவர்களில் புதிய நாடாவைத் தேர்ந்தெடுத்த ஒருவரைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை.