இந்த முத்தத்தை உங்களுக்கு வழங்குவோர்

எங்கள் வீட்டில் கொரியத் தொடரை ஆளுக்கொரு விதமாகப் பார்ப்போம். மனைவி கதாநாயகனைப் பார்ப்பாள். மாமியாருக்கு சப்டைட்டில் படிக்கிற வேகம் கிடையாது. முகங்களை மட்டும் பார்த்து, யார் யாருக்குக் குழிபறிக்கப் போகிறார்கள் என்று முதல் எபிசோடிலேயே சொல்லிவிடுவார். நான் பார்ப்பது மேஜைமேல் இருக்கிற பாக்கெட்டை.

இந்தக் கெட்ட பழக்கத்தைத் தொற்றவைத்தது 2016இல் வந்த 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்'. ராணுவக் கேப்டனாக சோங் ஜூங்-கி, டாக்டராக சோங் ஹே-கியோ. உருக் என்கிற கற்பனை நாட்டில் பூகம்பம், தொற்றுநோய், ஆள்கடத்தல் என்று எல்லாம் வரிசையாக வருகின்றன. இத்தனைக்கும் நடுவே வீரர்கள் நீளமான ஒரு பாக்கெட்டைக் கிழித்து, செஞ்ஜின்செங் சாற்றை நிதானமாக உறிஞ்சுகிறார்கள். டாக்டரம்மா போட்டிருந்த லிப்ஸ்டிக்கை ரசிகைகள் கடைகடையாகத் தேடினார்கள்.

உச்சம் அந்தக் கார் காட்சிதான். கதையில் வருகிற ஒரு சார்ஜென்ட் ஓட்டுகிறார், பக்கத்தில் காதலி. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அமுக்குகிறார். இரண்டு கையையும் எடுத்துவிடுகிறார். ஹூண்டாய் கார் தன்பாட்டுக்கு ஓட, இவர் திரும்பி முத்தம் கொடுக்கிறார். மனைவி உருகிப்போனாள்.

"ரோட்டப் பாக்கச் சொல்லுங்க மாப்ள" என்றார் மாமியார்.

கொரியாவிலேயே அந்தக் காட்சியைக் கிண்டலடித்துத் தீர்த்துவிட்டார்கள். ஆனால் தயாரிப்பாளர் பாவம், என்ன செய்வார்? அங்கே கேபிஎஸ் போன்ற சானல்களில் நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பர இடைவேளை விட 2021 வரை அனுமதி இல்லை. நம் சீரியலில் மருமகள் விஷப் பாலைக் கையில் எடுத்ததும் சோப்புத் தூள் விளம்பரம் வரும். திரும்பி வந்தாலும் பால் ஆறியிருக்காது. அந்த வசதி அவர்களுக்கு அப்போது இல்லை. ஆகவே 2010இல், பொருளைக் கதைக்குள்ளேயே காட்டிக்கொள்ள சட்டம் வழிவிட்டது. அதற்கும் அப்போது ஒரு கணக்கு இருந்தது: பிராண்ட் திரையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, மொத்த நேரத்தில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் நிற்பதாக மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். ஸ்கேல் இல்லை, விரற்கடைதான்.

சட்டம் இடம் கொடுத்தாலும் கொடுத்தது, கொரியக் காதலர்கள் சப்வே கடையை விட்டு நகர்வதில்லை. ஊடலும் அங்கே, சமாதானமும் அங்கே. மனம் உடைந்துபோன பெண்கூட ரொட்டிக்குள் என்னென்ன காய் வைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறாள். எனக்கு மனம் உடைந்தால் தண்ணீர்கூட இறங்காது.

2020இல் 'தி கிங்: எடர்னல் மோனார்க்'. இன்னோர் உலகத்திலிருந்து வெள்ளைக் குதிரையில் வந்து இறங்குகிற பேரரசராக லீ மின்-ஹோ. அரண்மனையில் அறுசுவை உண்டவர், நம் உலகத்தின் டப்பாக் காபியை வாங்கிக் குடித்துவிட்டு அதன் ருசியைப் புகழ்கிறார். நடிப்பைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வசனத்தை முகம் சுளிக்காமல் சொல்ல லீ மின்-ஹோவால்தான் முடியும். அடுத்த வருஷம் 'வின்சென்சோ'வில் சோங் ஜூங்-கி கையில் சீனக் கம்பெனியின் பிபிம்பாப் டப்பா ஏறியது. பிபிம்பாப் கொரியர்களின் சொந்தச் சாப்பாடு ஆயிற்றே, விடுவார்களா? கொதித்தெழுந்தார்கள்; காட்சியையே வெட்ட வேண்டியதாயிற்று.

நான் மனமார மன்னித்த விளம்பரம் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'வில் வருவது. தங்கள் கேப்டன் ஹியூன் பின்னைத் தேடி வடகொரியச் சிப்பாய்கள் சோலுக்கு வருகிறார்கள். பார்க்கிறதெல்லாம் அதிசயம். வறுத்த கோழிக் கடையில் உட்கார்ந்து அவர்கள் கடிக்கிற கடியில் மொறுமொறு சத்தம் நம் ஹால்வரை கேட்கும். தென்கொரியத் தொடர்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்தே வளர்ந்த ஒருவன் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவன் உயிரைவிடும் நடிகை சோய் ஜி-வூ நேரிலேயே வந்து முன்னால் உட்காருவார். பையன் முகத்தைப் பார்த்து நானே பாக்கெட்டுகளை மறந்துவிட்டேன்.

அந்தத் தொடரின் ஜோடி, ஹியூன் பின்னும் சோன் யே-ஜின்னும், 2022 மார்ச்சில் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். போட்டோவைப் பார்த்து மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கு யாரு ஸ்பான்சர்?" என்று கேட்டேன். மனைவி முறைத்தாள்.

பதில் மாமியாரிடமிருந்து வந்தது: "வேற யாரு மாப்ள, பொண்ணு வீடுதான்."