இரண்டாம் இடத்து வீரர்

அமீரகத்தில் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்த தமிழருக்கு மணல் என்பது செருப்போடு வீட்டுக்குள் வந்து மனைவியிடம் திட்டு வாங்கித் தரும் சாமான், அவ்வளவுதான். ஊரில் வீடு கட்டிப் பால் காய்ச்சி, மூத்த பெண்ணைக் காலேஜில் சேர்த்து, கையில் நாலு காசு தங்க ஆரம்பித்ததும் அதே மணல் அவர் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரியும். மணலில் ஓட்டுவதற்கென்றே ஒரு பழைய பஜேரோ ஜீப் வாங்குவார். டேரா பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் இவரைச் சக ஊழியர்கள் ‘அண்ணாச்சி’ என்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். துபாயில் தடுக்கி விழுந்தால் இப்படி ஒருவர் மேல்தான் விழ வேண்டும்.

வண்டி வந்த வாரமே அண்ணாச்சி ஒரு தகவலை மனப்பாடம் செய்துவிடுவார்: டக்கார் ராலி என்ற பாலைவனப் பந்தயத்தைப் பஜேரோ 12 முறை ஜெயித்திருக்கிறது. உண்மைதான். அந்த 12 முறையும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யார் என்ற விவரத்துக்குள் மட்டும் அவர் போக மாட்டார்.

பாலைவனத்துக்குள் தனி வண்டியாகப் போகக் கூடாது. புதைந்தால் இழுத்துவிட ஆள் வேண்டும், செல்போனில் சிக்னல் இருக்குமென்று சொல்ல முடியாது. அதனால் குழுவாகத்தான் போவார்கள். முன்னால் வழி காட்டும் லீட், கடைசியில் எல்லாரையும் வாரிக்கொண்டு வரும் ஸ்வீப், நடுவில் வரிசையாக மற்றவர்கள். வண்டிக்கு வண்டி வாக்கி டாக்கி. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணில் படுவதற்காக உயரக் கம்பியில் ஒரு கொடி. சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகப் பெட்ரோல் பங்கில் கூடி மலேஹா பக்கம் கிளம்புவார்கள். ஃபாசில் ராக் என்ற பாறை அங்கேதான் இருக்கிறது. கடலடியில் வாழ்ந்த உயிர்கள் அதில் கல்லாகிக் கிடக்கின்றன. கடல் அங்கிருந்து எப்போதோ போய்விட்டது. அண்ணாச்சி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்.

முதல் சோதனை தார் ரோட்டோரத்திலேயே தொடங்கிவிடும். டயரில் காற்றை இறக்க வேண்டும், அதுவும் 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15க்கு. லீட் ஒரு கோயம்புத்தூர்க்காரர், வயதில் இளையவர்.

“இன்னும் இறக்குங்ணா.”

“இதுக்கு மேலயா? டயர் வீணாப் போயிராதா தம்பி?”

“மணல்ல ஒண்ணும் ஆகாதுங்ணா. இறக்குங்.”

காற்று இறங்கினால் டயர் நீளவாக்கில் மணலோடு படியும். பாரம் பரவுவதால் வண்டி புதையாமல் மிதந்து போகும். ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எகிப்து, லிபியா பாலைவனங்களில் 1920களின் பிற்பகுதியிலிருந்தே ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு திரிந்தவர். காற்றை இறக்குவது, புதைந்த சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போடுவது எல்லாம் அவர் பாலைவனத்திலேயே பழகிப் பரப்பிய வித்தைகள். காற்று மணலை எப்படி நகர்த்துகிறது என்று அவர் 1941இல் எழுதிய நூலை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மணல்மேட்டுத் தொகுதிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொன்னாலும் அண்ணாச்சி நம்பமாட்டார். பாளையங்கோட்டையில் காற்றடிக்கிற பையன் வேறு மாதிரி சொல்லியிருக்கிறானே!

வரிசை சொல்லும்போது லீட் அண்ணாச்சியைத் தனக்கு நேர் பின்னால், இரண்டாவதாக வரச் சொல்வார். அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்துவிடும். எட்டு வண்டியில் இரண்டாவது! வந்த முதல் நாளே! சாயங்காலத்துக்குள் இந்தச் செய்தி அலுவலகத்து வாட்ஸ்ஆப் குழு முழுக்கப் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிக்கு மட்டும் லேசாகச் சந்தேகம். “ஏங்க, புதுசா வந்தவங்க ரெண்டு பேரு, ரெண்டு பேரும் முன்னாடியே இருக்கோமே?”

மணலில் இறங்கியதும் அண்ணாச்சியின் இருபது வருட ரோட்டு அனுபவம் முழுக்க அவருக்கு எதிராக வேலை செய்யும். பயம் வந்தால் பிரேக் என்று கால் பழகியிருக்கிறது. மணலில் பிரேக்கை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து தானே ஒரு வேகத்தடை போட்டுக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை விட்டாலே வண்டி தானாக நின்றுவிடும், அதுவும் இறக்கம் பார்த்து நிறுத்த வேண்டும். அண்ணாச்சி ஏற்றம் பார்த்து நிறுத்துவார். பிறகு கிளப்ப முயல்வார். நாலு சக்கரமும் சுழலும், வண்டி முன்னே போகாமல் கீழே போகும்.

“காலை எடுங்ணா! மிதிக்காதீங்!”

மிதித்துவிடுவார். வயிறு தட்டிய வண்டிக்கு அடியிலிருந்து மணலைத் தோண்டுவது எப்படிப்பட்ட வேலை என்று கணக்குப் பிள்ளைக்கு அன்றுதான் தெரியும். உலர்ந்த மணல் ஏறக்குறைய 34 டிகிரிக்கு மேல் சரிவாக நிற்காது. ஒரு சட்டி வாரினால் முக்கால் சட்டி உள்ளே ஓடி வரும். மண்டியிட்டு, ஒரு கன்னம் மணலில் பட, பம்பருக்கு அடியில் கையை விட்டு அவர் வாரிக்கொண்டிருக்க, சட்டைப் பையிலிருந்து பேனா, எமிரேட்ஸ் ஐ.டி., ஒரு சூயிங்கம் எல்லாம் வரிசையாகக் குழிக்குள் விழும். ஐ.டி. மட்டும் உடனே கிடைக்கும். பிறகு கயிறு மாட்டி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி ஒரே இழுப்பு.

நாலைந்து பயணம் போனதும் வருவதுதான் ஆபத்தான கட்டம். புதைவது நின்றிருக்கும், தைரியம் வந்திருக்கும். திறமை மட்டும் இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கும். இந்தக் கட்டத்தில் அண்ணாச்சி சாமான் வாங்குவார். கம்ப்ரஸர், மண்வெட்டி, மணல் பலகை வரைக்கும் நியாயம். பகலில் மட்டுமே போகிறவருக்குக் கூரை மேல் வரிசையாக நாலு விளக்கு எதற்கு என்று கேட்கக் கூடாது. தலையில் அரபித் துண்டைச் சுற்றிக்கொண்டு லிவாவில் இருக்கும் தல் மொரீப் பற்றிப் பேசுவார். சுமார் 300 மீட்டர் உயரம், பார்த்தாலே அடிவயிறு கலங்கும் மேடு அது. “அடுத்த சீசன்ல ஏறிருவோம்!”

அதற்கு முன்னால் மலேஹாவில், வீடு உயரமே உள்ள ஒரு மேட்டின் முகட்டில் வேகம் போதாமல் நின்றுவிடுவார். டவுன் பஸ் படியில் தொங்குகிறவரைப் போல வண்டியின் பாதி உடம்பு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அடுத்த மாதம் பக்கச் சரிவு. வண்டி கீழே சறுக்கினால் சறுக்குகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். இதைக் கேட்கும்போது எல்லாருக்கும் புரியும், கைக்குத்தான் புரியாது. அண்ணாச்சியின் கை மேட்டுப் பக்கம் வெட்டும். காற்றுக் குறைந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். உருண்டு போகாமல் அதோடு முடிந்ததே பெரிய விஷயம். ஜாக்கி வைத்துத் தூக்கி, காற்றடித்து, டயர் ‘டப்’பென்று ரிம்மில் உட்காரும்வரை எட்டுப் பேரும் வெயிலில் நிற்பார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்கள். அதுதான் அண்ணாச்சிக்குத் தாங்காது. துண்டு அன்றைக்கே டிக்கிக்குப் போய்விடும்.

அதன் பிறகு அவர் வாய் குறைந்து கண் வேலை செய்ய ஆரம்பிக்கும். முன்னால் போகிற வண்டி எந்த இடத்தில் வேகம் எடுக்கிறது, முகட்டுக்கு எவ்வளவு முன்னால் காலை விடுகிறது என்று பார்ப்பார். பின்னால் வருகிறவர் வருகிறாரா என்று கண்ணாடியில் கவனிப்பார். ஒருநாள் ஏற்றத்தில் பாதியில் வண்டி நின்றுவிட, திருப்ப முயலாமல், போன தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்கி, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் வேகம் பிடித்து ஏறிவிடுவார். வாக்கி டாக்கியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்பதால்தான்.

அடுத்த சனிக்கிழமை லீட் அவரை ஏழாவதாக வரச் சொல்வார். அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போகும். இத்தனை மாதம் இரண்டாவதாக வந்தவன்! தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் கரகரத்த குரலில் கேட்டேவிடுவார்.

“தம்பி, என் மேல எதும் வருத்தமா?”

“ஐயோ, இல்லீங்ணா. முன்னாடி போற வண்டிக்கு மணல் கலையாம கிடக்கும், ஈசி. ஆறு வண்டி உழுதுட்டுப் போன மணல்ல ஓட்டறதுதான் சிரமம். அதனால புதுசா வர்றவங்களை ரெண்டாவது போடுவோம், ஓட்டத் தெரிஞ்சவங்களைப் பின்னாடி போடுவோம். இனி நீங்க பின்னாடிதான்.”

அண்ணாச்சி அலுவலகத்து வாட்ஸ்ஆப் குழுவை ஒருகணம் நினைத்துப் பார்ப்பார். அவர் மனைவி சன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பார்.

மதியம் பங்கில் டயருக்குக் காற்றடிக்கிற வரிசையில் நின்றபடி, அன்றைக்கு ஏறிய மேட்டின் வீடியோவைத் திருநெல்வேலிக்கு மச்சினனுக்கு அனுப்புவார். கேமராவில் மேடு தட்டையாகத்தான் தெரியும், அது எந்தக் கேமராவுக்கும் உள்ள குணம். பழுப்புத் தரையில் ஒரு வெள்ளை வண்டி தள்ளாடிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் குரல்பதிவு வரும்: “அத்தான், அங்க ரோடெல்லாம் அருமையாப் போட்டிருக்கான்னு சொன்னாவளே, நீங்க ஏன் இதுக்குள்ள கெடந்து கஷ்டப்படுதிய?”