மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?

நம் ஊரில் ஒருவன் பருமனாவது அவன் வீட்டு விஷயம். இளைப்பது ஊர் விஷயம். சதை போட்டால், "பூசினாப்பல இருக்கே, நல்லாருக்கு" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள். நாலு கிலோ குறைந்துவிட்டால் விசாரணைக் கமிஷன்தான். "என்னப்பா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு?" என்று ஆரம்பித்து, "சுகர் பார்த்தியா?" என்று நடுவில் கொஞ்சம் நிறுத்தி, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் ஒரு தடவை முழுசா செக்கப் பண்ணிடு" என்பார்கள். அந்த 'முழுசா'வுக்குள் என்னென்ன வியாதிகள் அடக்கம் என்பது கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும்.

என் அக்கா மகன் இதையெல்லாம் யோசிக்கவில்லை. அவன் கவலை முழுக்கக் கோட்டைப் பற்றி. வைகாசியில் கல்யாணம். வரவேற்புக்காகக் கருநீலத்தில் ஒரு கோட், பெண் வீட்டில் தேர்ந்தெடுத்தது. போட்டுப் பார்த்தான். பொத்தான் துளையைத் தேடிப் புறப்பட்டுப் பாதி வழியில் நின்றுவிட்டது. பெரிய சைஸ் வாங்கலாமே என்று அக்கா சொன்னதை அவன் அவமானமாக எடுத்துக்கொண்டான். "முகூர்த்தத்துக்குள்ள 15 கிலோ குறைக்கிறேன் மாமா" என்றான். கையில் இருந்தது ஒன்றரை மாதம். சென்னைக் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு திருச்சிக்கு வந்துவிட்டான்.

அக்கா வீடும் எங்கள் வீடும் ஒரே காம்பவுண்டு. ஆகவே நடந்தது எல்லாவற்றுக்கும் நான் நேரடி சாட்சி. அப்போது அவன் 96 கிலோ, நான் 87. என்னையும் சேர்ந்துகொள்ளச் சொன்னான். எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதை நினைவூட்டினேன்.

ஜிம் மாஸ்டர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு சார்ட் அனுப்பியிருந்தார். காலையில் வெந்நீர், எலுமிச்சம்பழம், ஆறு முட்டையின் வெள்ளைக்கரு. மதியம் அவித்த சுரைக்காய், உப்பு கிள்ளியது கிள்ளாதது தெரியாமல். சாயங்காலம் சர்க்கரை இல்லாத கடுங்காப்பி. ராத்திரி ஒரு கிண்ணம் சூப். கூட்டிப் பார்த்தேன். நாளொன்றுக்கு மிஞ்சிப்போனால் 800 கலோரி வரும். வெள்ளைக்கரு அவன் வயிற்றுக்குப் போயிற்று, சரி. ஆறு மஞ்சள் கரு? குப்பையில் கொட்ட அக்காவுக்கு மனசு வரவில்லை. மிளகும் வெங்காயமும் போட்டு வதக்கி, "தம்பிக்குக் கொடு" என்று என் மனைவியிடம் தினமும் கொடுத்துவிடுவாள். அதிரடி டயட்டால் அக்கம்பக்கத்தாருக்கு வரும் ஆபத்தைப் பற்றி எந்த டாக்டரும் எழுதியதாக நான் படித்ததில்லை.

முதல் வாரக் கடைசியில் மெஷினில் ஏறி இறங்கினான். நாலு கிலோ குறைந்திருந்தது. அக்கா உப்பு மிளகாய் எடுத்துத் திருஷ்டி சுற்றிப்போட்டாள். எனக்கு மட்டும் உறுத்தியது. வங்கியில் கணக்குப் பார்த்தே ரிட்டையர் ஆனவன். தொகை பெரிதாக இருந்தால் வவுச்சரைக் கேட்பது வழக்கம். ஒரு கிலோ உடல்கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நாலு கிலோவுக்கு 30,800. ஏழால் வகுத்தால் தினம் 4,400 கலோரி பற்றாக்குறை விழுந்திருக்க வேண்டும். பையன் உட்கார்ந்த இடத்தில் கீபோர்டு தட்டுகிறவன். நாள் முழுக்க எதுவுமே தின்னாமல் கிடந்தாலும் அவன் உடம்புக்கு அவ்வளவு செலவு கிடையாது.

அப்படியென்றால் போனது என்ன? பெரும்பாலும் தண்ணீர். உடம்பு தன் கைச்செலவுக்கென்று கிளைகோஜன் என்ற சரக்கைக் கல்லீரலிலும் தசையிலும் அரை கிலோ வாக்கில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரையாவது கூடவே பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதலில் காலியாவது இந்த சேமிப்புக் கணக்குதான். கொழுப்பு ஃபிக்சட் டெபாசிட். அவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது. இரண்டுக்கும் நடுவில், யாரும் கேட்காமலேயே தசையும் கரையும். இதைச் சொன்னபோது, "மாமா, நீங்க பொறாமைல பேசறீங்க" என்றான். மஞ்சள் கருவை மென்றுகொண்டே சொன்னது என் தப்புதான்.

இரண்டாம் வாரம் மாம்பழம் வந்துவிட்டது. திருச்சிக்காரர்களுக்குச் சித்திரை என்றால் இமாம் பசந்த். தோலை அழுத்தினால் உள்ளே சாறு நகர்வது விரலுக்குத் தெரியும்; கூடத்தில் ஒரு கூடை வைத்தால் மாடிவரை வாசனை போகும். பையன் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தான். கத்திரி வெயிலில் குளிருகிறது என்று ஃபேனை நிறுத்தினான். காலிங் பெல் அடித்தால் கோபம், அடிக்காவிட்டாலும் கோபம். ராத்திரி ஒரு மணிக்கு அவன் அறையில் நீல வெளிச்சம் தெரிந்தது. வருங்கால மனைவியோடு பேசுகிறான் என்று அக்கா பூரித்துப்போனாள். எட்டிப் பார்த்தால், காதில் ஹெட்போனோடு மட்டன் பிரியாணிக்குத் தம் போடும் வீடியோ. தம் உடைக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1944-45ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று கொள்கை பேசி மறுத்தவர்கள் அவர்கள். இதற்குத் தாமாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி, சராசரி 1,570 கலோரி. எடையில் கால்வாசி போயிற்று. கூடவே சிரிப்பு போயிற்று, சினேகம் போயிற்று, பெண்களைப் பற்றிய நினைப்பும் போயிற்று. எந்நேரமும் குளிர் என்றார்கள். தட்டை நக்கினார்கள். கரண்டி பிடித்தறியாதவர்கள்கூட சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்துப் படுக்கையில் கிடந்து படித்தார்கள். அவர்களுக்கு யூடியூப் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் தின்றதில் பாதிதான் நம் மாப்பிள்ளைக்கு.

அவ்வளவு தூரம் போவானேன்? தாது வருஷப் பஞ்சத்தில், 1877ன் தொடக்கத்தில், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரை மதராஸ் மாகாணத்துக்கு வந்து நிவாரணக் கூலியை வெட்டினார். மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா காசு. ஒரு பவுண்டு அரிசி என்பது சுமார் 1,600 கலோரி. இது உயிர் தரிக்கக் காணாது என்று மாகாண சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் சண்டை பிடித்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டிவந்தது. மனசாட்சி இல்லாதவர் என்று நூற்றைம்பது வருஷமாக ஏசப்படும் டெம்பிள் துரையே ஜிம் மாஸ்டரின் சார்ட்டைப் பார்த்திருந்தால், "கொஞ்சம் கூட்டிப் போடுங்களேன்" என்றிருப்பார். உடம்புக்கு வரவேற்பும் தெரியாது, கோட்டும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பஞ்சம் ஒன்றுதான். சோறு நின்றதும் அது செலவைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அப்படித்தான் மூன்றாம் வாரம் முள் நகரவில்லை. பையன் ஆன்லைனில் ஏதோ 'ஃபேட் பர்னர்' மாத்திரைக்கு ஆர்டர் போட்டுவிட்டான். பார்சல் வந்தபோது அவன் ஜிம்மில் இருந்தான். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். டப்பாவில் என்ன இருக்கிறது என்று டப்பாவைத் தவிர எங்கேயும் எழுதவில்லை, டப்பாவிலும் தெளிவாக எழுதவில்லை. கொழுப்பை எரிக்கும் மருந்து என்றாலே எனக்கு டைநைட்ரோஃபீனால் ஞாபகம் வரும். முதல் உலகப்போரில் பிரான்ஸில் வெடிமருந்து செய்யப் பயன்பட்ட ரசாயனம். அந்தத் தொழிற்சாலை ஆட்கள் வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் கண்டு, மளமளவென்று இளைத்தார்கள், சிலர் செத்தும்போனார்கள். இதைப் பார்த்து நம்மைப் போன்றவர்கள் ஓட்டம் பிடிப்போம். 1933ல் அமெரிக்காவில் அதை எடைகுறைப்பு மருந்தாகப் பரிசோதித்தார்கள். சீக்கிரமே கடைகளில் தாராளமாக விற்றது. எடை குறைந்தது உண்மை. கண்ணில் புரை விழுந்ததும் உண்மை. 1938ல் மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் அது இணையத்தில் கள்ளத்தனமாக விற்கிறது, ஆட்களும் சாகிறார்கள். பார்சலை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, பையனிடம், "ஏதோ கொரியர் வந்து அட்ரஸ் தப்புன்னு போயிடுச்சுடா" என்றேன்.

இதற்குள் ஊர் தன் வேலையை ஆரம்பித்திருந்தது. பத்திரிகை கொடுக்கப் போன வீடுகளில் எல்லாம் மாப்பிள்ளையின் கன்னம் விவாதப்பொருள். பால்காரர் கேட்டார். ஐயர் கேட்டார். அந்தப் பேச்சு சென்னைக்குப் போய், பெண்ணின் தாய்மாமன் காதில் 'சுகர்' என்று விழுந்து, சம்பந்தி அம்மா வாயில் 'இன்சுலின்' என்று வெளிவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி போன் செய்தார். மழை, வெயில், மண்டபத்து ஏசி எல்லாம் பேசி முடித்து, "அப்புறம்... மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?" என்றார். பத்துப் பொருத்தமும் பார்த்து முடிந்த பிறகு பதினோராவது பொருத்தமாக மூன்று மாத சுகர் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சுகர் நார்மல். யூரிக் ஆசிட்தான் எகிறியிருந்தது. பட்டினி கிடந்தாலும் அது ஏறுமாம். டாக்டர் சார்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாரத்துக்கு அரைக்கிலோலேர்ந்து ஒரு கிலோ, அதுக்கு மேல வேண்டாம் தம்பி" என்றார். பித்தப்பையைப் பற்றியும் பயமுறுத்தினார். கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் அதிகக் கொலஸ்டிராலைப் பித்தநீரில் தள்ளுகிறது. சாப்பாட்டில் எண்ணெய்ப் பசையே இல்லாவிட்டால் பித்தப்பை சுருங்கிக் காலியாவதில்லை. தேங்கியது கல்லாகும். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

எனக்கு இது புதிதில்லை. வங்கியில் என்னோடு வேலை பார்த்த கேஷியர் ஒருவர் அவித்த காய்கறியை மட்டும் தின்று இரண்டரை மாதத்தில் 18 கிலோ குறைத்தார். அதைக் கொண்டாட எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அன்று ராத்திரியே வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்து, தோள்பட்டைவரை ஏறி, விடிவதற்குள் ஸ்கேன். பித்தப்பை நிறையக் கல், பையையே எடுத்துவிட்டார்கள். பார்க்கப்போன எங்களிடம் மனுஷன் அசராமல் கேட்டார்: "பித்தப்பை ஒரு ஐம்பது கிராம் இருக்குமா சார்? அதையும் குறைஞ்ச கணக்குல சேர்த்துக்கலாம்ல?"

டாக்டர் சொல்லியும் பையன் கேட்கவில்லை. கல்யாணத்துக்குள் 11 கிலோ இறக்கிவிட்டான். கோட் பொத்தான் போட்டது. ஆனால் கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் போகும் இடைவெளி. மேக்கப் செய்ய வந்த பையன் மாப்பிள்ளையின் கன்னத்தை அரை மணி நேரம் மெழுகினான். அதைவிடப் பெரிய சோதனை நமஸ்காரம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வரிசையாக நிற்க, விழுந்து விழுந்து எழ வேண்டும். வயிறு காலி, தண்ணீரும் உப்பும் குறைவு, ரத்த அழுத்தம் தரையில்; எழுந்தால் கண்ணில் பூச்சி பறக்கும். பெண்ணின் பாட்டி காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நான் பதறிப்போய்க் குனிந்தேன். "ஒரு நிமிஷம் மாமா, சுத்துது" என்று தரையிலிருந்து குரல் வந்தது. பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி மரியாதை தெரிந்த பிள்ளையா என்று மண்டபம் முழுக்கச் சொன்னார்.

மறுநாளிலிருந்து விருந்து. மாமனார் வீடு, சித்தி வீடு, பெரியம்மா வீடு, தாய்மாமன் வீடு. போகிற இடமெல்லாம், "மாப்பிள்ளை எலும்பும் தோலுமா இருக்காரே" என்று இலையில் குவித்தார்கள். தடுப்பதற்கு அவன் கை வரவில்லை. ஒன்றரை மாதப் பசி. அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற டிவி போட்டியில் மளமளவென்று எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து 2016ல் ஆய்வு வெளியிட்டார்கள். 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, அவர்கள் பருமனுக்கு இருக்க வேண்டியதைவிடத் தினம் சுமார் 500 கலோரி குறைவு. போட்டி முடிந்து ஆறு வருஷம் ஆகியும் உடம்பு சிக்கனத்தை விடவில்லை. அவர்களுக்கு ஆறு வருஷம். நம் ஆளுக்கு ஆடி பிறப்பதற்குள் எட்டுக் கிலோ திரும்பிவிட்டது.

எல்லாம் ஓய்ந்தது என்று இருந்தபோது முடி கொட்ட ஆரம்பித்தது. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினால் முடிக்கு அந்தச் சேதி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் போய்ச் சேரும். சீப்பு நிறைய, தலையணை நிறைய, பாத்ரூம் சல்லடை அடைக்க அடைக்க முடி. பட்டினிக்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர்களுக்குச் சென்னை மேடவாக்கத்தில் வாடகை வீடு. போர் தண்ணீர்தான் காரணம் என்று குடும்பம் கூடித் தீர்மானித்தது. மாமனார் உடனே கணிசமாகச் செலவு செய்து தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். இந்த மாதிரிக் கொட்டும் முடி, சாப்பாடு சரியானால் சில மாதங்களில் தானாகவே நிற்கும், தானாகவே முளைக்கும். அதன்படியே தலை தீபாவளிக்கு வந்தபோது மாப்பிள்ளையின் முன்மண்டையில் குட்டிக் குட்டியாகப் புதுமுடி எழும்பியிருந்தது. மாமனார் அதை வந்தவர்களுக்கெல்லாம் தடவிக் காட்டினார். தம்பிக்கு, சகலைக்கு, எதிர்வீட்டுக்காரருக்கு என்று இதுவரை மூன்று மெஷின் விற்றுக்கொடுத்துவிட்டாராம், கமிஷன்கூட வாங்காமல்.

"திருச்சில காவிரித் தண்ணியா இருந்தாலும் நீங்களும் ஒண்ணு போட்டுடுங்க சம்பந்தி" என்றார் என்னிடம். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து வழுக்கையைத் துடைத்துக்கொண்டே, "எந்த மாடல்?" என்று கேட்டேன்.