வில்லங்கச் சான்றில் வராதவர்கள்

வீடு வாங்குகிறவன் பார்க்க வேண்டிய காகிதங்கள் என்று வக்கீல் ஒரு பட்டியல் கொடுத்தார். மூலப்பத்திரம், பட்டா, பிளான் அப்ரூவல், சொத்து வரி ரசீது, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று. அத்தனையும் வாங்கி மஞ்சள் பையில் போட்டாயிற்று. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்திலிருந்த அந்த வீட்டின் மேல் முப்பது வருஷமாக எந்த வில்லங்கமும் இல்லை. வில்லங்கம் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் கைலி கட்டிக்கொண்டு பல் தேய்த்துக்கொண்டிருந்தது.

"யாருப்பா அது?" என்று தரகரைக் கேட்டேன்.

"பசங்க சார். ஸ்டூடண்ட்ஸ். நாலு பேரு வாடகைக்கு இருக்கானுங்க. தங்கமான பசங்க."

தரகர் வாயில் தங்கம் என்று வந்தால் உரசிப் பார்த்துவிட வேண்டும்.

எனக்குச் சத்தம் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்தாறு வருஷம் ராயபுரத்தில் வாடகைக்குக் குடியிருந்தவன் நான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அன்று போன தூக்கம் எங்கள் பேட்டைக்கு இன்னும் திரும்பவில்லை. விடியுமுன்னே காசிமேட்டில் மீன் ஏலம். ராத்திரி முழுக்க ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்ஜிங் ஷாப்பில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தேன். சம்மட்டி விழுந்துகொண்டிருக்கும்போதே நின்றபடி தூங்கியிருக்கிறேன். சாப்பாட்டுச் சங்கு ஊதினால் மட்டும் விழிப்பு வரும்.

என்னால் தாங்க முடியாதது ஒன்றுதான். ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டில் நாலு பேர் சேர்ந்து சிரிப்பது. லாரி ஏன் கத்துகிறது என்று தெரியும். இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. ஒருவேளை நம்மைப் பார்த்துத்தானோ என்று ஒரு நினைப்பு வந்துவிட்டால் அன்றைய தூக்கம் போச்சு.

மச்சானிடம் யோசனை கேட்டது தப்பு. "பேச்சிலர் பசங்களா? வேணாம் மாமா" என்று ஆரம்பித்தவன், காலி பாட்டில், நம் வாசலில் பைக், தொட்டி நிரம்பி வழிந்தாலும் அணைக்காத மோட்டார் என்று வக்கீல் பட்டியலைவிட நீளமாக ஒன்றை ஒப்பித்தான். என் மனைவி கீரை ஆய்ந்தபடியே, "நம்ம பையன் கோயம்புத்தூர்ல நாலு வருஷம் ரூம் எடுத்துத் தங்கினானே, அந்தத் தெருவுல யாரும் வீடு வாங்கலியா?" என்றாள். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. இருந்தாலும் நேரில் போய்ப் பரிசோதிப்பது என்று முடிவாயிற்று.

கோயம்புத்தூரில் படித்த அதே பையன் என் போனில் டெசிபல் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். சட்டத்தையும் அவனே சொன்னான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. தொழிற்சாலைப் பகுதி என்றால் 75, 70. வடசென்னையில் குடியிருப்பு எங்கே முடிகிறது, தொழிற்சாலை எங்கே தொடங்குகிறது என்று மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை.

முதல் நாள் காலை பத்து மணிக்குப் போனேன். மாணவர்கள் வீட்டில் பரிபூரண அமைதி. தூங்குகிறார்கள்.

அடுத்த நாள் மாலை ஆறு மணி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு இந்தப் பக்கம் வீட்டு விலையும் தூண் மேல் ஏறிவிட்டது. அந்த ரயில் சத்தமில்லாமல் போனது. பின்னாலேயே ஒரு புல்லட் வந்தது. இந்தியாவில் புல்லட் தயாராக ஆரம்பித்ததே இந்த ஊரில்தான். பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைப் போல அது இங்கே அதிகாரமாகத்தான் சத்தம் போடும். ஆப் 78 காட்டியது. மாணவர்கள் வீட்டிலிருந்து வந்தது குக்கர் விசில் மட்டும். மூன்று.

உண்மை தெரிய வேண்டுமானால் ராத்திரி பதினொரு மணி வரை இருக்க வேண்டும். நடுவில் நேரம் போக்கக் கோயிலுக்குப் போனேன்.

வீடு வாங்குகிறவன் தியாகராஜசுவாமி கோயிலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே போய்விடுவது நல்லது. ஊர்ப் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஒற்றி என்றால் அடமானம். ஊரையே ஒற்றி வைத்த சாமி என்று பழைய புலவர்கள் சிலேடை பாடியிருக்கிறார்கள். வீட்டுக் கடன் வாங்கப் போகிறவன் அந்த ஊர்ப் பெயரைப் படிவத்தில் எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

அங்கேதான் சுந்தரர் மாட்டிக்கொண்டார். சங்கிலியாரைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால், உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். திருவாரூருக்குத் திரும்பும் ஆசையும் விடவில்லை. சன்னதியில் நான் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சிவபெருமானோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். சரி என்ற பெருமான், அன்றைக்கே சங்கிலியார் பக்கம் கனவில் போய், சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கச் சொல்லிவிட்டார். இரண்டு தரப்பிலும் பேசி முடிக்கிற தரகர்கள் அன்றிலிருந்தே இந்த ஊரில் உண்டு. பெருமான் கமிஷன் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிறகு ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போயிற்று.

மகிழமரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கிரயப் பத்திரமும் இப்படி ஒரு சத்தியம்தான். பிரிய மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பசங்களோ பதினொரு மாச அக்ரிமெண்ட்டில் இருக்கிறார்கள்.

பத்தேமுக்காலுக்கு அவர்கள் மாடியில் சிரிப்பு கிளம்பியது. விளக்குக் கம்பத்தடியில் நின்று போனை மேல்நோக்கிப் பிடித்தேன். 58. இன்னும் கொஞ்சம் எக்கிப் பிடித்தபோது பின்னாலிருந்து குரல்.

"ஐயா, யாரைப் பாக்கணும்?"

கையில் பால் பாக்கெட்டோடு ஒரு பையன். ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு. என்ன சொல்வதென்று தெரியாமல், "வீடு" என்றேன். அவன் முகம் தெளிந்தது. "அந்த வீட்டை வாங்கப் போறவகளா? மேல வாங்க, டீ போடப் போறோம்."

மாடியில் பாய், நாலு டம்ளர், நடுவில் குண்டு பல்பின் கீழே ஒரு கேரம் போர்டு. எனக்கு வார்த்தை வரவில்லை. வடசென்னைக்காரன் கேரம் போர்டைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்ப முடியாது. 1990களில் உலக சாம்பியனான மரிய இருதயமும், 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய எங்கள் வடசென்னைப் பெண் காசிமாவும் ஆடிய ஆட்டம் இது. "பவுடர் ஜாஸ்தி போட்டிருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன்.

சிவப்பைப் போட்டுவிட்டேன். ஃபாலோ போட முடியவில்லை. பிறகு பார்த்தால் ஆப் 71 காட்டுகிறது. கத்தியது நான்தான்.

டீ வந்ததும் நான் கேள்வியை ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

"உங்க வீட்ல நாய் இருக்கா, ஐயா?"

"இல்லை."

"சுப்ரபாதம் எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

"அஞ்சரை."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மிக்ஸி?" என்றான் கண்ணாடி போட்டவன். "சட்னிக்கு மட்டும்தான்" என்று நான் சமாதானம் சொன்னதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு நாளா நீங்க போனைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டையே பாத்துக்கிட்டு நின்னீங்களா, எஜுகேஷன் லோன் வசூல் பண்ண வந்த பேங்க் ஆளுன்னு இவன் ரெண்டு நாளா வெளியவே வரல. டீக்கடை அண்ணன் உங்களைக் கோர்ட்டு அமீனான்னு கேட்டாரு." காலை அமைதிக்கும் மாலை அமைதிக்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது.

வீடு திரும்பும்போது கணக்குப் போட்டேன். ராயபுரத்தில் எங்கள் தெருவில் இரண்டு சொந்த வீட்டுக்காரர்கள். நடுச்சுவரில் அரை அடி யாருடையது என்று அப்பாக்கள் போட்ட வழக்கைப் பிள்ளைகள் நடத்துகிறார்கள். பேரன்களில் ஒருவன் சட்டம் படிக்கிறான். சிரிப்புச் சத்தம் கேட்டே பல வருஷம் ஆன வீடுகள் இரண்டும். பக்கத்து வீட்டுக்காரன் பிடிக்கவில்லை என்றால் அவன் பாஸாகிப் போய்விடுவான் என்று காத்திருக்கிற வசதி மாணவர்களிடம் மட்டும்தான் உண்டு.

வாங்கிவிட்டோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அவர்களுக்குப் பதினொரு மாதம், எனக்கு ஒன்பது சதவீதம்.

ஐப்பசியில் கிரகப்பிரவேசம். விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம். மச்சான் தன் செலவில் சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூட்டிவந்து வாசலில் இரண்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தான். நாதஸ்வரம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. பால் பொங்குகிற நேரத்தில் வாசலில் ராமநாதபுரத்துப் பையன் நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன. சாப்பிட வந்திருக்கிறான் என்று நினைத்து, "வாப்பா, உக்காரு" என்றேன்.

"இல்லங்கய்யா. இன்னைக்கு செமஸ்டர் எக்ஸாம். விடிய விடியப் படிச்சிட்டு இப்பத்தான் படுத்தோம்."

சொல்லிவிட்டுக் கூச்சத்தோடு கையிலிருந்த போனைக் காட்டினான். அதே ஆப். 84.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நானே போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். என் மனைவி ஒரு தூக்கில் நாலு பேருக்கும் கேசரியும் பொங்கலும் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு படியிறங்கிய பையன், என் முகத்தைப் பார்த்து மனம் கேட்காமல் திரும்பி ஆறுதல் சொன்னான்:

"பரவால்லங்கய்யா. ஏப்ரல் வரைக்கும்தானே, நாங்க பொறுத்துக்கிறோம்."