அரை அங்குல அரசி: வெண்முகவியல் குறித்த ஒரு முன்னாய்வு

மறுமலர்ச்சிக் கால உடையில் மேடையேறுவோருக்கு, முகத்தை எவ்வளவு வெளுப்பது என்பது தீராத ஐயம். உடைக்கு அளவு உண்டு, தைப்பதற்கு ஆள் உண்டு. முகத்துக்கு ஆய்வாளர்களை விட்டால் வேறு நாதியில்லை. அவர்களோ ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியபடி வட்டமாக நிற்கிறார்கள். அந்த வட்டத்தில் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற தாழ்மையான நோக்கத்தோடு, 'வெண்முகவியல்' என்னும் துறையை இந்தப் பத்தியிலேயே நிறுவுகிறேன். துறைத்தலைவர் பதவி நிரப்பப்பட்டுவிட்டது.

ஆய்வெல்லை: இங்கிலாந்து, முதலாம் எலிசபெத்தின் ஆட்சிக்காலம், 1558 முதல் 1603 வரை. வெனிஸ் நகரம் ஆய்வெல்லைக்கு வெளியே. பயணப்படி கிடைத்தால் உள்ளே.

முதலில் பொருள். வெண்முகத்தின் தலையாய மூலப்பொருள் ஈயவெள்ளை. செய்முறை எளிது, பக்கத்தில் நிற்பதுதான் கடினம். மண்சட்டியில் காடியை ஊற்றி, அதில் தோயாதபடி மேலே காரீயத் தகட்டைச் சுருட்டி வைக்க வேண்டும். இப்படிப் பல சட்டிகளை அடுக்கிக் குதிரைச் சாணத்தில் புதைத்துவிட வேண்டும். சாணம் கொதிக்க, காடி ஆவியாக, வாரக்கணக்கில் காத்திருந்தால் தகட்டின் மேல் வெள்ளைப் பொருக்குத் தட்டும். அதைச் சுரண்டிக் கழுவி அரைத்தால் அரசவைக்குரிய மாவு தயார். ஈயமும் காடியும் சேர்ந்தால் வெள்ளை விளையும் என்பதைக் கிரேக்கரான தியோஃபிராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார். சாணம் பின்வந்தோர் செய்த வளர்ச்சி. அறிவுலகில் இது வழக்கம்தான்.

வெனிஸ் சரக்குக்கே மதிப்பு அதிகம். பூசினால் தோல் பட்டுப்போல் தெரியும். சில காலத்தில் தோல் கெடும், முடி உதிரும். கெட்ட தோலை மறைக்க இன்னும் கொஞ்சம் பூசுவார்கள். இது நஞ்சென்று அக்காலத்தார் அறியாமலில்லை. இத்தாலியரான லொமாட்சோவின் ஓவிய நூலை ரிச்சர்டு ஹேடாக் 1598இல் ஆங்கிலமாக்கியபோது, முகப்பூச்சுகளின் கேடுகளும் அதில் இடம்பெற்றன. எச்சரிக்கையைப் படித்தவர்கள் பூசவில்லை, பூசியவர்கள் படிக்கவில்லை. ஆய்வேடுகளின் தலைவிதி அன்றும் இதுதான். இதே மாவை எண்ணெயில் குழைத்துத்தான் ஓவியர்கள் படம் வரைந்தார்கள் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அறிஞர்கள் வைத்துக்கொள்வதில்லை.

பன்றிவழி வெண்மை: ஹியூ பிளாட் 1602இல் வெளியிட்ட நூற்படி, பன்றியின் தாடையெலும்பைச் சுட்டுப் பொடித்துக் கசகசா எண்ணெயில் குழைத்தது, மேல்விவரம் கசாப்புக் கடையில்.

பாதரசவழி வெண்மை: வீரம் என்னும் பாதரச உப்பைப் பூசினால் முகப்புள்ளி போகும், தோலும் கூடப் போகும்.

இனிச் சான்றுகள். 1562 அக்டோபரில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் அரசிக்குப் பெரியம்மை கண்டது. வயது 29. பிழைத்தார். ஆகவே தழும்பு இருந்தது, ஆகவே தழும்பை மறைத்தார், ஆகவே ஈயவெள்ளை, ஆகவே அரை அங்குலம் என்று 'ஆகவே'க்களை ஏணிப்படியாக வைத்து ஏறுவது ஆய்வு மரபு. அடிப்படியில் மட்டுமே கட்டை இருக்கிறது, மற்றவை நம்பிக்கை. அரசிக்குப் பணிவிடை செய்த மேரி சிட்னிக்கு அந்த நோய் தொற்றி முகம் சிதைந்தது உறுதியான செய்தி. அவர் கவிஞர் பிலிப் சிட்னியின் தாய். ஆனால் மேரி சிட்னி வேடம் போட எவரும் முன்வருவதில்லை. சான்று வலுவாக உள்ள முகத்துக்குக் கிராக்கி இல்லை என்பது வெண்முகவியலின் முதல் விதி.

அரசியே ஈயவெள்ளை பூசினார் என்பதற்கு அவர் காலத்துச் சான்று மிக மெலிந்தது. 'படத்தைப் பாருங்கள், எவ்வளவு வெள்ளை!' என்பார்கள். பார்ப்போம். 1575 வாக்கில் வரையப்பட்ட டார்ன்லி ஓவியம் லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. அதிலுள்ள வெளிறிய முகம்தான் பல படங்களுக்கு அச்சாக அமைந்தது. அரங்கின் வல்லுநர்கள் ஆராய்ந்தபோது, கன்னத்தில் ஓவியர் பூசிய சிவப்புச் சாயம் காலப்போக்கில் மங்கிவிட்டது தெரியவந்தது. வரைந்த அன்று அரசியின் முகத்தில் ரத்த ஓட்டம் இருந்தது. அதை வெளுத்தவர் ஒப்பனைக்காரி அல்லர், சூரிய பகவான். மிஞ்சி நிற்பது ஓவியரின் ஈயவெள்ளை. ஆக, படத்தில் ஈயவெள்ளை இருப்பது வெள்ளிடை மலை. அரசி அமர்ந்த நாற்காலியின் பக்கம் அது வந்ததா என்பதே கேள்வி. இன்று உடையணிவோர் அரிதாரம் பூசிப் போலச்செய்வது, ஒரு படம் நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அடைந்த சாயமிழப்பை. (காண்க: இதே கட்டுரையாளர், 'வெண்முகவியல்', தொகுதி 7, எழுதப்படவுள்ளது.)

இங்கேதான் இத்துறையின் இதயமான அரை அங்குலச் சிக்கல் வருகிறது. பொறுமையற்றோர் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

1600ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது, அரசியின் முகம், கழுத்து, மார்பு எங்கும் பூச்சு அப்பியிருந்தது என்றும், சில இடங்களில் ஏறக்குறைய அரை அங்குலக் கனம் இருந்தது என்றும் ரிவர்ஸ் என்ற ஏசுசபைப் பாதிரியார் ஒரு கடிதத்தில் எழுதினார். ஏசுசபையார் இங்கிலாந்தில் தலைமறைவாகத் திரிந்த காலம் அது, பிடிபட்டால் தூக்கு. அரசியின் அழகைப் பற்றி நடுநிலையோடு பேச அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அந்தக் கடிதமே இத்துறையின் மூலநூல். 'சில இடங்களில்', 'ஏறக்குறைய' ஆகிய சொற்கள் அதில் இருப்பதை, ஆய்வு மரபுக்கிணங்க, விட்டுவிடுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். முகத்தின் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்க. (பழைய நாளிதழை ஈரப்படுத்தி என் முகத்தில் ஒட்டி அளந்தது, அரசிக்கு என் தாடை இல்லை என்போர் ஆதாரத்தோடு வரவும்.) அரை அங்குலம் என்றால் 1.27 சென்டிமீட்டர். கன அளவு 381. ஈயவெள்ளையின் அடர்த்தி சுமார் 6.8. பெருக்கினால் இரண்டரைக் கிலோவுக்கு மேல். முட்டையும் நீரும் காற்றும் கலந்திருக்கும் என்று பாதியைத் தள்ளினாலும் ஒன்றேகால் கிலோ. கழுத்தைச் சேர்க்கவில்லை. மார்பை மரியாதை கருதிச் சேர்க்கவில்லை. 67 வயது மூதாட்டி இந்தச் சுமையை முகத்தின் முன்புறம் தாங்கி, தலை கவிழாமல் தூதர்களிடம் பேசியிருக்கிறார். கொசுவம் வைத்த பெரிய கழுத்துப்பட்டையை அக்காலத்தார் ஏன் அணிந்தனர் என்ற பழைய வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது: அது அலங்காரம் அன்று, முட்டுக்கொடுத்தது. (காண்க: தொகுதி 7, இயல் 4, அதற்கு இதே கட்டுரையாளர் எழுதவுள்ள மறுப்பு, மறுப்பைக் கண்டித்து அவரே தமக்கு அனுப்பவுள்ள பதிவுத் தபால்.)

இதற்கு ஒரு தடை உண்டு. 1598இல் கிரீன்விச் அரண்மனையில் அரசியை நேரில் கண்ட ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், முகம் வெள்ளையாகவும் சுருக்கம் விழுந்தும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். பல் கறுத்திருந்ததையும் விடவில்லை. ஆங்கிலேயர் சர்க்கரையை மிதமிஞ்சித் தின்பதன் கோளாறு அது என்றார். அரை அங்குலப் பூச்சுக்கு அடியிலிருந்து சுருக்கம் எப்படி வெளியே தெரியும்? இக்கேள்விக்குமுன் அறிஞர்கள் இரு அணியாகப் பிரிவது முறை. அப்படிப் பிரிந்ததாகத் தெரியாததால் நானே பிரித்திருக்கிறேன்: தடிமனார், மெல்லியார். ஹென்ட்ஸ்னருக்குக் கண் கூர்மை என்பார் தடிமனார். பாதிரியாருக்கு நாக்கு நீளம் என்பார் மெல்லியார். இருவர் கூற்றும் ஈண்டு நோக்கத்தக்கது. நோக்கியபின் இரண்டையும் ஏற்பதே கருத்தரங்க நாகரிகம். மதியச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தியில்தானே.

எனவே இணக்க வாய்பாடு ஒன்றை முன்வைக்கிறேன். 1598இல் சுருக்கம் தெரிந்தது. பூச்சு ஏறத்தாழச் சுழி. 1600இன் இறுதியில் அரை அங்குலம். ஆக, இரண்டு ஆண்டுச் சொச்சத்துக்கு அரை அங்குலம் வீதம் அரசி வளர்ந்திருக்கிறார், முன்புறமாக. அரசி காலமானது 1603 மார்ச் 24, ரிச்மண்டில். இடைப்பட்டது மறுபடி இரண்டு ஆண்டுச் சொச்சம். இறக்கும்போது கனம் ஓர் அங்குலம் என்பது மறுப்பதற்கில்லை. இவ்வளர்ச்சி இறப்புக்குப் பின்னும் நிற்கவில்லை என்பதே என் ஆய்வின் தனிப் பங்களிப்பு. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் மாக்ஸிமிலியன் கோல்ட் செதுக்கி 1606இல் முடிந்த கல்லறைச் சிலையைப் பாருங்கள். உச்சி முதல் பாதம் வரை வெண்பளிங்கு. பூச்சு உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது. (இம்முடிவை வெளியிட ஆய்விதழ் ஒன்று பக்கத்துக்கு இவ்வளவு எனக் கட்டணம் கேட்டது. சலுகை கேட்டபோது, கட்டுரையைப் படிக்காமல் வெளியிடுவதே சலுகை என்றார்கள்.)

மூக்கியல்: அரசி முதுமையில் உண்மையான கண்ணாடியைப் பார்ப்பதில்லை, ஒப்பனை செய்த பெண்கள் சிலசமயம் மூக்கில் சிவப்பைத் தீட்டிவிடுவார்கள் என்று நாடகாசிரியர் பென் ஜான்சன், அரசி இறந்து பதினைந்து ஆண்டு கழிந்தபின், ஸ்காட்லாந்தில் நண்பர் டிரம்மண்டின் வீட்டில் தங்கியபோது சொன்னார், மதுவின் அளவு குறிப்பில் இல்லை.

எஞ்சியது செய்முறை. மறுமலர்ச்சிக் கால முகம் வேண்டுவோர் தங்கள் நிறத்துக்கு இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷன் எடுத்தால் போதும். பத்துப் படி எடுத்தால் சர்க்கஸ் கோமாளி. டைட்டானியம் டையாக்சைடும் துத்தநாக ஆக்சைடும் இன்று ஈயத்தின் வேலையை ஆளைக் கொல்லாமல் செய்கின்றன. ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி, மெல்லிய படலமாக இரண்டு தடவை. காது, கழுத்து, புறங்கை மூன்றையும் விட்டுவிட்டால் முகமூடி மாட்டியது போலாகும். புருவத்தைப் பசைக்குச்சியால் படியவைத்து அதன்மேல் பூசுங்கள். முன்நெற்றி முடியை இழுத்துக் கட்டுங்கள். நெற்றி ஏறினாலே பாதிக் காலம் வந்துவிடும். கன்னத்திலும் உதட்டிலும் சிவப்பு கட்டாயம், டார்ன்லி ஓவியர் பூசியதும் அதைத்தான். மேலே மாவு தூவுங்கள். முட்டை வெள்ளைக்கரு தடவிப் பளபளப்பு ஏற்றுவதும் அக்கால வழக்கமே. காய்ந்தபின் சிரித்தால் வாயோரத்தில் வெடிக்கும். எனவே நகைச்சுவைக் காட்சி உள்ளவர்கள் தவிர்க்கவும்.

இவ்வளவு சொல்லியும் எனக்கு அந்த அரை அங்குலமே வேண்டும் என்போர் ஒப்பனைக் கலைஞரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அது உட்சுவர்ப் பூச்சின் கனம். நல்ல கொத்தனாராகப் பாருங்கள். முதல் நாள் பூசி, மறுநாள் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும். கலவை விகிதம் தொகுதி 7இல்.