சாவி யார் கையில்?

காசு கொடுத்து வாங்கிய ஐபோனில், பிடித்த கடையிலிருந்து ஆப் ஏற்ற முடியாதாமே?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் குடிபோனால் முடியும்! அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்து, 2024 மார்ச் முதல் வேறு கடைகளுக்கும் ஐபோனில் இடம் கிடைத்தது. போன் ஒன்றுதான்; உரிமை மட்டும் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

ஆப்பிள் தன் கடையில் பிடிக்கும் முப்பது சதவீதம் வரையிலான கமிஷன், ஆப் தயாரிப்பவர் தலைவலி. நமக்கென்ன?

2020 ஆகஸ்ட் 13. ஃபோர்ட்நைட் விளையாட்டின் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஆப்பிள் வழியாகக் கட்டினால் 9.99 டாலர்; அதைத் தயாரித்த எபிக் கேம்ஸிடம் நேராகக் கட்டினால் 7.99. அன்றைக்கே அந்த விளையாட்டைத் தன் கடையிலிருந்து நீக்கியது ஆப்பிள். இப்போது சொல்லுங்கள், அந்த இரண்டு டாலர் யார் பையிலிருந்து போகிறது?

ஆண்ட்ராய்டுக்காரர்கள் பிழைத்தார்களா?

வெளியிலிருந்து ஆப் ஏற்ற வழி உண்டு; ஆனால் கூட்டமெல்லாம் கூகுளின் ப்ளே ஸ்டோரில்தான். கட்டணத் தகராறில் 2024 மார்ச்சில் சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி நிறுவனத்தின் ஆப்களையே தூக்கிவிட்டது கூகுள். கல்யாணத் தரகருக்கே கதவடைப்பு! மத்திய அரசு தலையிட்ட பிறகுதான் திரும்பி வந்தன.

கதவைத் திறந்துவிட்டால் திருட்டு ஆப் நுழையாதா?

அதே ஆப்பிளின் மேக் கணினியில், கம்பெனிக் கடைக்கு வெளியிலிருந்தும் மென்பொருள் ஏற்றலாமே! ஆபத்து உண்மைதான், எச்சரிக்கை செய்வது கம்பெனியின் கடமை. முடிவெடுப்பது வாங்கியவரின் உரிமை.