மேலான ஆய்வகத்துக்கு…

என் அக்கா மகன் கணக்கீட்டு உயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷமாகிறது. உயிரியல் துறைக்குப் போனால் "நீங்க கம்ப்யூட்டர் ஆளாச்சே" என்கிறார்கள். கம்ப்யூட்டர் துறைக்குப் போனால் "நீங்க பயாலஜிதானே" என்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன். பந்தியில்தான் இலை இல்லை.

ஆகவே 'ப்ராஜெக்ட் பொசிஷன்' தேடுகிறான். இப்படித் தேடுகிறவனை ராத்திரி ஒரு மணிக்குப் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் நாற்பது டேப். ஒவ்வொன்றிலும் ஒரு பேராசிரியர், கருகரு மீசையோடு. நேரில் விசாரித்தால் மனிதர் ஓய்வுபெற்று மூன்று வருஷமாகியிருக்கும்.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான ஆய்வகத்தில்…" என்று இங்கிலீஷில் தொடங்கும் கடிதம் ஒன்று வைத்திருக்கிறான். பெயரும் ஊரும் மட்டும் மாறும். ஒருமுறை அதுவும் மாறவில்லை. பெங்களூருக்கான புகழ்ச்சி அப்படியே கான்பூருக்குப் போய்விட்டது. 117 கடிதத்துக்கு ஒரே ஒரு பதில். வீடே கூடிப் படித்தோம். 'விடுப்பில் இருக்கிறேன், 20-ஆம் தேதி திரும்புவேன்.' மெஷின் தானாக அனுப்பியது என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அக்கா காலண்டரில் 20-ஐ வட்டம் போட்டாள்.

"ஜே.ஆர்.எஃப். பொசிஷன்னா மாசம் 37,000 மாமா. 2023-க்கு முன்னாடி 31,000தான். வீட்டு வாடகைப் படி வேற."

"அப்புறம் என்னடா?"

"நெட் பரீட்சை இல்லேன்னா கேட் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கணும்."

கேட் எழுதியிருக்கிறான். அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் 3 வருஷம். அதில் இரண்டைக் கடிதம் எழுதியே கழித்துவிட்டான்.

"இதுல எதிர்காலம் இருக்கா?" என்று அவன் அப்பா ஒருநாள் கேட்டுத் தொலைத்தார். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "2024 கெமிஸ்ட்ரி நோபலே எங்க ஆளுங்களுக்குத்தான்பா! புரதத்தோட வடிவத்தைக் கம்ப்யூட்டர்லயே கண்டுபிடிச்ச ஹசாபிஸ், ஜம்பர். புதுசா புரதத்தையே வடிவமைச்ச டேவிட் பேக்கர்."

மச்சான் பேப்பரை மடித்தார். "அவங்களுக்கெல்லாம் பி.எஃப். பிடிக்கிறாங்களா?"

ஒருவழியாக ஒரு பல்கலைக்கழகத்தில் வாக்-இன் நேர்காணல். பணி முற்றிலும் தற்காலிகமானது, பயணப்படி கிடையாது. துணைக்கு நானும் போனேன். ஒரு இடம், 43 பேர். மடியில் எல்லாருக்கும் அதே நீல ஃபைல். கொஞ்சம் வயதானவர்கள் மட்டும் எதையும் புரட்டாமல் டீக்கடை எங்கே என்று விசாரித்தார்கள். அனுபவஸ்தர்கள்.

உள்ளே நடந்ததை அவனே சொன்னான். "பைத்தான் தெரியுமா?" தெரியும் சார். "லினக்ஸ்?" தெரியும் சார். "அந்த பிரிண்டர் நாலு நாளா வேலை செய்யல, கொஞ்சம் பார்ப்பீங்களா?" பார்த்திருக்கிறான். டோனரைக் கழற்றி இப்படியும் அப்படியும் நாலு குலுக்கு குலுக்கி உள்ளே தள்ளியதும் தாள் வந்துவிட்டது. மறுநாள் வேலையும் வந்தது. ஆறு மாதத்துக்கு.

சேர்ந்த பத்தாம் நாள் போன் செய்தான். குரலில் ஒரு புது கனம்.

"அடுத்த போஸ்டிங்குக்கு வந்த மெயிலையெல்லாம் சார் என்னைத்தான் பிரிக்கச் சொல்லியிருக்கார் மாமா. தாங்கல. எல்லாரும் 'மேலான ஆய்வகம்'னே ஆரம்பிக்கிறாங்க. ஒருத்தனுக்காவது சொந்தமா ஒரு லெட்டர் எழுதத் தெரியுதா, பாருங்க!"